760 ரூபாய் எங்கிருந்து வந்தது? பெருந்தொற்றுக் கால வணிக நிவாரணம்: ஓர் எளிய விளக்கம்

2020 நவம்பரில் ஒரு மதியம், கொடைக்கானலில் நான்கு அறைக் காட்டேஜ் நடத்தும் அண்ணன் ஒருவர் என் மேசைக்கு வந்தார். நான் இந்த ஊரில் சின்னச் சின்னக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். வெளியே பனி இறங்கி, எதிர்க் கடையின் பலகைகூடத் தெரியவில்லை. ஸ்வெட்டருக்குள் செருகி வைத்திருந்த கடன் கணக்கு அறிக்கையை எடுத்து விரித்து, கடைசி வரியில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். வரவு, 760 ரூபாய் சொச்சம்.

"இதை நான் கட்டவில்லை. யார் கட்டினார்கள்?" என்றார்.

அரசு கட்டியது என்றேன். சிரித்துவிட்டார். வட்டி தள்ளுபடி பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதும், தொலைக்காட்சியில் இரவுதோறும் அதைப் பேசுவதும் அவருக்குத் தெரியும். அத்தனை பேச்சுக்கும் பிறகு தன் கணக்கில் வந்து விழுந்தது, சமையலறைக்கு ஒரு வணிக சிலிண்டர் வாங்கக்கூடப் போதாத தொகை என்பதுதான் அவரால் நம்ப முடியாததாக இருந்தது.

அந்த 760 ரூபாயின் கணக்கு விளங்கிவிட்டால், கொரோனா காலத்தில் சிறு வணிகர்களுக்கு அரசு செய்த உதவிகளில் பாதி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நிவாரணம்' என்றதும் நம் மனத்தில் வருவது புயலுக்குப் பிறகு கையில் கொடுக்கும் பணம், அரிசி, வேட்டி சேலை. வணிகர்களுக்கான நிவாரணம் அநேகமாக அப்படி வருவதில்லை. கட்ட வேண்டிய தவணையைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவதும் நிவாரணம்தான். புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கிக்கு அரசு ஜாமீன் நிற்பதும் நிவாரணம்தான். வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்பதும், வரி கட்டும் கெடுவை நீட்டிப்பதும், தொழிலாளியின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) தொகையை அரசே செலுத்துவதும் அப்படித்தான். செய்தித்தாளில் எல்லாம் ஒரே தலைப்பில் வரும். பாஸ்புக்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இறங்கும், சில இறங்கவே இறங்காது.

2020 மே மாதம் மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது, எங்கள் ஊர் ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் ஒருவர் அதை நாட்டு மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்குப் பதினைந்தாயிரம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வகுத்தல் சரிதான். ஆனால் அந்த 20 லட்சம் கோடியில் ஏறத்தாழ 8 லட்சம் கோடி, ரிசர்வ் வங்கி அதற்கு முன்பே அறிவித்திருந்த நடவடிக்கைகளின் மதிப்பு. இன்னொரு 3 லட்சம் கோடி, வங்கிகள் கொடுக்கப்போகும் கடனுக்கு அரசு தந்த உத்தரவாதம். கஜானாவிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்கும் பணம் அந்தத் தொகையில் ஒரு பகுதிதான்.

நின்ற கடிகாரமும் நிற்காத வட்டியும்

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. மலைக்கு அது எந்த நேரம் என்பதைச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே கடை வைத்திருப்பவனின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் மற்றப் பத்து மாதங்களை ஓட்ட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் என்று ஒன்று உண்டு. அது மழையின் கருணையைப் பொறுத்தது. ஆகவே சீசனுக்கு முன்னால், பிப்ரவரி, மார்ச்சில், எல்லாரும் கடன் வாங்குவார்கள்: அறைக்கு வர்ணம் அடிக்க, புதுக் கம்பளி எடுக்க, சாக்லேட்டுக்குச் சரக்குப் பிடிக்க, வாடகை சைக்கிள்களுக்கு டயர் மாற்ற. ஊரடங்கு வந்தபோது கடன் கைக்கு வந்து செலவாகியிருந்தது. வாடிக்கையாளர் இன்னும் மலையடிவாரத்து வத்தலக்குண்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. மே 22 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஆக மொத்தம் ஆறு மாதம். 'அனுமதி கொடுத்தது' என்ற சொற்களைக் கவனியுங்கள். தள்ளிவைக்கலாம் என்றுதான் சொன்னது. தள்ளிவைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. வங்கி, நிதி நிறுவனம் எல்லாம் இந்த அறிவிப்புக்குள் வந்தார்கள். வாசலில் வந்து தினத் தண்டல் வசூலிப்பவர் எந்த அறிவிப்புக்குள்ளும் வரவில்லை. ஏரிக்கரைக் குதிரைக்காரர்களைத்தான் அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். வங்கித் தவணையைத் தள்ளிவைக்கலாம், குதிரைக்குக் கொள்ளு வைப்பதைத் தள்ளிவைக்க முடியுமா?

காட்டேஜ் அண்ணனின் கடனுக்கு வருவோம். சில்லறையை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன். பாக்கி 5 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், மீதி 60 தவணைகள். மாதத் தவணை 11,122 ரூபாய். ஒழுங்காகக் கட்டியிருந்தால் 2025 பிப்ரவரியில் கடன் முடிந்திருக்கும்.

ஆறு மாதம் அவர் தவணை கட்டவில்லை. கட்டும் கடமை நின்றது, வட்டி நிற்கவில்லை. பலர் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். முதல் மாதம் 5,000 ரூபாய் வட்டி ஏறியது. அது அசலோடு சேர்ந்தது. இரண்டாம் மாதம் 5,05,000 ரூபாய்க்கு வட்டி, 5,050. இப்படி ஆறு மாதம் போனதும் பாக்கி 5,30,760 ரூபாய் ஆனது.

வட்டி 30,760 தானே ஏறியிருக்கிறது, போகட்டும் என்று தோன்றும். அதே 11,122 ரூபாயைச் செப்டம்பரிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டு போனால் எத்தனை தவணை ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுபது போதாது. அறுபத்தைந்து முழுத் தவணை கட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் கட்ட வேண்டும். கூடுதலாகக் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 57,600 ரூபாய். ஏறிய 30,760 ரூபாயும் அடுத்த ஐந்தாண்டுகள் சும்மா உட்கார்ந்திருக்காமல் வட்டி ஈன்றுகொண்டே இருப்பதால் வந்த விளைவு இது. முடியும் தேதியோ 2025 பிப்ரவரியிலிருந்து 2026 பிப்ரவரிக்குப் போனது. ஆறு மாதம் மூச்சு விட்டுக்கொண்டதற்கு ஓர் ஆண்டு.

இதனால் தள்ளிவைப்பு ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் மாதம் வருமானமே இல்லாதவனிடம் 11,122 ரூபாய் எங்கே இருக்கும்? கட்டாமல் விட்டிருந்தால் கணக்கு வராக்கடனாகியிருக்கும், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் விழுந்திருக்கும், அடுத்த கடன் கிடைத்திருக்காது. தள்ளிவைப்பு அதிலிருந்து காப்பாற்றியது. விலை கொடுத்து வாங்கிய காலம் அது. விலை இன்னது என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்ல யாருமில்லை என்பதுதான் என் வருத்தம். கையில் பணம் இருந்தும், சும்மா கிடைக்கிறதே என்று தவணையை நிறுத்தியவர்கள் சிலரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது வெறும் நஷ்டம்.

இப்போது அந்த 760. வழக்கின் மையக் கேள்வி, தள்ளிவைத்த காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கலாமா என்பது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2020 அக்டோபரில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. மொத்தக் கடன் 2 கோடி ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கொடுக்கும். நம் அண்ணனுக்குத் தனி வட்டி 30,000 ரூபாய். கூட்டு வட்டி 30,760 ரூபாய். கழித்தால் மிச்சம் அவர் நகத்தை வைத்துக் காட்டிய வரி. 'வட்டி தள்ளுபடி' என்று தலைப்பில் வந்தது, உண்மையில் வட்டியின் மேல் முளைத்த வட்டிக்கான தள்ளுபடி. தள்ளிவைக்காமல் ஒழுங்காகத் தவணை கட்டிவந்தவர்களுக்கும் இந்தத் தொகை கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அவ்வளவில் அது நியாயமான ஏற்பாடு. 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பு வந்தபோது, 2 கோடி வரம்பின்றி எவரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. முழு வட்டியையும் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. வைப்புத்தொகை போட்டவர்களுக்கு வங்கி வட்டி கொடுத்தாக வேண்டுமே.

ஆகஸ்ட் 31 என்ற தேதிக்குத் திரும்புகிறேன், அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று செப்டம்பர் தொடக்கத்தில் அறிவித்தபோதும், கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது நீடித்தது. தொற்று மலையேறாமல் இருக்க அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் தவணை தொடங்கிய மாதத்தில் வாடிக்கையாளர் வரவில்லை. தள்ளிவைப்பின் காலண்டரைத் தயாரித்தவர்கள் மனத்தில் இருந்தது, கடை திறந்த மறுநாளே ஆள் வரும் பட்டணத்துத் தெரு. தவறவிட்ட ஏப்ரல் இந்த ஊருக்கு அடுத்த ஏப்ரலில்தான் வரும். அந்த ஏப்ரல் என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மாமாவின் கையெழுத்து

அடுத்தது உத்தரவாதம். கடன் வாங்கப் போனால் ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு மாமாவைக் கூட்டிக்கொண்டு போவோம் இல்லையா? அதுதான் இது. மாமா கையெழுத்துப் போட்டால் கடன் கொடுப்பவருக்குத் தைரியம் வரும். நாம் கட்டாவிட்டால் அவர் மாமாவைப் பிடிப்பார். அதனால் நம் கடன் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. மாமா நம்மை விட மாட்டார். கையெழுத்து போய்ச் சேருவது கடன் கொடுப்பவரிடம், நம்மிடம் இல்லை.

2020 மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் மாமாவின் இடத்தில் மத்திய அரசு நின்றது. அரசின் சார்பில் தேசியக் கடன் உத்தரவாத அறங்காவல் நிறுவனம் என்ற அமைப்பு வங்கிக்கு நூறு சதவீதம் ஜாமீன் கொடுத்தது. வங்கிகளில் இதை ஈசிஎல்ஜிஎஸ் என்று சொல்வார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன். புதிதாக நகையோ பத்திரமோ அடமானம் வைக்க வேண்டியதில்லை, உத்தரவாதக் கட்டணமும் இல்லை. நான்கு ஆண்டுக் கெடு, முதல் ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் போதும். வட்டிக்கு உச்சவரம்பு வங்கிகளுக்கு 9.25 சதவீதம், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு 14 சதவீதம். தொடக்கத்தில் 25 கோடி வரை கடன் பாக்கியும் 100 கோடி வரை ஆண்டு விற்றுமுதலும் (மொத்த விற்பனையும்) உள்ளவர்கள் வரலாம் என்றார்கள். பழைய கடனில் அந்தத் தேதிக்கு 60 நாளுக்கு மேல் பாக்கி நிற்கக் கூடாது.

அரசுக்கு இதில் என்ன வசதி என்றால், 3 லட்சம் கோடிக் கடனுக்கு ஜாமீன் நிற்க 3 லட்சம் கோடியை எடுத்து வைக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் கட்டாமல் போவார்கள் என்று கணித்து அந்த அளவுக்கு ஒதுக்கினால் போதும். 41,600 கோடி ரூபாயை நான்கு நிதியாண்டுகளில் பிரித்துக் கொடுப்பதாக அமைச்சரவை முடிவு செய்தது. ஒரு ரூபாய் ஒதுக்கி ஏழு ரூபாய்க் கடனை ஓடவிடுவது போன்ற ஏற்பாடு. பணநெருக்கடியில் இருக்கும் அரசு இதை விரும்புவதில் வியப்பில்லை. 2023 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்தபோது 1.19 கோடிப் பேருக்கு, 3.68 லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்டிருந்தது. சின்ன எண்ணிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

பிற நாடுகள் எல்லாம் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவில் ஊழியர் சம்பளத்துக்கென்று சிறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து, பெரும்பகுதியைச் சம்பளத்துக்கே செலவிட்டிருந்தால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றார்கள். அந்தத் திட்டத்தின் அளவு சுமார் 80,000 கோடி டாலர். பிரிட்டனில் வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசு கொடுத்தது. இங்கே சம்பளத்தின் பக்கம் நடந்தது ஒன்று: 100 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களில், 90 சதவீத ஊழியர்களின் சம்பளம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், முதலாளி பங்கும் தொழிலாளி பங்குமான 24 சதவீத பி.எஃப். தொகையை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரசு கட்டியது. பி.எஃப். சட்டம் பொருந்துவது 20 பேருக்குக் குறையாத இடங்களுக்கு. ரூம் பாய், சமையல்காரர், தோட்டக்காரர் என்று நாலு பேர் வேலை செய்யும் காட்டேஜுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.

அண்ணனுக்கு 5 லட்சத்தில் 20 சதவீதம், அதாவது ஒரு லட்சம், 2020 ஜூலையில் கிடைத்தது. முதல் ஆண்டு மாதம் 770 ரூபாய் வட்டி. அதன் பின் 36 மாதம் 3,190 ரூபாய். வந்த பணத்தில் பாதி மின்கட்டணத்துக்கும் பணியாளர் பாக்கிக்கும் போனது. மழையில் ஒழுகிய கூரைக்குத் தகரம் மாற்றினார். அடுத்த சீசனில் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

அடுத்த சீசன் இதுதான்: 2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி இரண்டாவது ஆண்டாக நடக்கவில்லை. பூக்கள் வழக்கம்போல் பூத்திருந்தன. ஜூலையில் அவருடைய வட்டி மட்டும் கட்டும் ஓராண்டு முடிந்தது.

இந்த இடத்தில் அரசுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சேர்த்துவிடுகிறேன். தவறு இருக்கிறது என்று தெரிந்தபோது திட்டத்தைத் திருத்தினார்கள். 2021 மார்ச் இறுதியில் விடுதி, பயணம், சுற்றுலா, பொழுதுபோக்குத் தொழில்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதில் 20 சதவீதம் 40 ஆனது. கெடு ஆறு ஆண்டு, அதில் முதல் இரண்டு ஆண்டு வட்டி மட்டும். மே 5 அன்று சிறு கடன்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி மறுபடி வழி திறந்தது. ஜூன் 28 அன்று அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரையும் பயண நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் வரையும் உத்தரவாதக் கடன் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு என்ற சொல்லைக் கேட்டதும், சீசனை நம்பிப் பிழைக்கும் ஊர்களைப் பற்றி யாரோ ஒருவர் டெல்லியில் யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லில் அந்த நிம்மதி கொஞ்சம் குறைந்தது. பஸ் நிலையத்தில் "ரூம் வேண்டுமா?" என்று பெட்டியைத் தூக்க ஓடிவருகிற பையனிடம் என்ன அங்கீகாரம் இருக்கும்?

கடன் வாங்காதவரின் பாடு

பிரெட் ஆம்லெட் வண்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பதினைந்து ஆண்டுகளாக அதே வளைவில் நிற்கிறார். வங்கியில் கடன் வாங்கியதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். அவசரத்துக்கு நகையை வைப்பார், மீட்பார். உத்தரவாதக் கடனைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, "எனக்கும் எழுதிக் கொடு தம்பி" என்று வந்தார்.

"உங்களுக்கு வராது அக்கா" என்றேன். "பழைய கடன் பாக்கியில் இருபது சதவீதம் கொடுப்பார்கள். உங்களுக்குப் பாக்கி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் இருபது சதவீதம் பூஜ்ஜியம்தான்."

"கடன் வாங்காமல் இருந்தது தப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நிவாரணத் திட்டங்களின் உள்ளமைப்பே அவர் கேள்வியில் இருக்கிறது. நெருக்கடியில் அரசு அவசரமாக உதவ வேண்டும். யார் உண்மையான வணிகர் என்று வீடுவீடாகப் போய்ப் பார்க்க நேரமில்லை. ஆகவே ஏற்கெனவே இருக்கும் பட்டியலைப் பிடித்துக்கொள்ளும். வங்கியின் கடன் பட்டியல், பி.எஃப். பட்டியல், ஜி.எஸ்.டி. பட்டியல், சுற்றுலாத் துறையின் வழிகாட்டிகள் பட்டியல். எதிலாவது பெயர் இருப்பவருக்கு உதவி வீடு தேடி வரும். எதிலும் இல்லாதவருக்கு முதல் வேலை, உதவி கேட்பதற்கு முன்னால், தான் இருக்கிறேன் என்று நிரூபிப்பது.

அக்காவைப் போன்றவர்களுக்காக வந்தது 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டம். தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் நடைமுறை மூலதனக் கடன், அடமானம் இல்லாமல். 12 தவணையில் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதப் புள்ளி மானியம் கணக்குக்கு வரும். ஃபோன் வழியாகப் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை. முதல் கடனை முடித்தால் அடுத்தது 20,000, அதற்கடுத்து 50,000. 2020 மார்ச் 24க்கு முன்பிருந்தே நகர எல்லைக்குள் வியாபாரம் செய்துவந்தவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை.

நகராட்சி வியாபாரிகளைக் கணக்கெடுத்த நாளில் அக்கா ஒரு சாவுக்காகப் பண்ணைக்காட்டில் இருந்தார். பட்டியலில் பெயர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் உள்ளாட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம் என்று திட்டத்திலேயே வழி இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். வண்டியோடு நின்று எடுத்த படம் ஒன்றைத் தேடி எடுத்தோம். கடிதம் கிடைத்தது. பிறகு ஆதாரில் இருந்த தொலைபேசி எண், மகன் என்றைக்கோ தொலைத்த சிம் கார்டு என்று தெரிந்தது. விண்ணப்பத்துக்கான ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அதை மாற்ற மூன்று நடை. இதற்கிடையில் பதிவுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆன்லைன் தரகர் அவரிடம் 1,500 ரூபாய் கேட்டார். தொழில்களுக்கான உதயம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை, ஸ்வநிதி விண்ணப்பத்துக்கு அது தேவையும் இல்லை. நெருக்கடிக் காலத்தில் நிவாரணத்துக்கு முன்னால் தரகர் வந்துவிடுவார்.

பணம் வந்த அன்று என்ன வாங்கினார் என்று எனக்குத் தெரியும், சீட்டு எழுதியதே நான்தான். முட்டை பத்து அட்டை, சிலிண்டர், மழைக்குத் தார்ப்பாய், வண்டியின் ஒரு சக்கரம். 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 888 ரூபாய்த் தவணை. ஆண்டு முழுவதும் வட்டி 660 ரூபாய், அதில் சுமார் 385 மானியமாகத் திரும்பும். மூன்று மாதம் கழித்து முதல் மானியம் 160 ரூபாய் சொச்சம் கணக்கில் விழுந்தபோது குறுஞ்செய்தியைக் காட்டி, "இதைத் திருப்பிக் கேட்பார்களா?" என்றார். கேட்க மாட்டார்கள், இது உங்களுடையதே என்றேன். நம்பவில்லை. அந்த 160 ரூபாயை அவர் நெடுநாள் எடுக்கவே இல்லை.

தொகையைப் பார்த்தால் கடலில் கரைத்த பெருங்காயம் போலத்தான். ஆனாலும் ஸ்வநிதியின் உண்மையான பயன் அந்தப் பத்தாயிரத்தில் இல்லை என்பது என் எண்ணம். பன்னிரண்டு தவணை கட்டி முடித்ததும் அக்காவுக்கு வங்கியில் ஒரு கடன் வரலாறு உண்டாகிவிட்டது. பூஜ்ஜியம் இனிப் பூஜ்ஜியம் இல்லை. கொரோனாவுக்கென்று வந்த திட்டம் அதோடு முடியவும் இல்லை. 2025 ஆகஸ்டில் அதைத் திருத்தி 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் இப்போது 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000.

நகைக்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 6 அன்று, விவசாயம் அல்லாத தேவைகளுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றிருந்ததை வங்கிகளுக்கு 90 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது, 2021 மார்ச் 31 வரை. ஒரு லட்ச ரூபாய் நகைக்கு 75,000 என்பது 90,000 ஆனது. விண்ணப்பம் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. போன அன்றே கையில் பணம். நான் கணக்கு எழுதும் வீடுகளில் அதிகம் பேருக்குக் கைகொடுத்தது இதுதான். அவர்களுடைய நகை, அவர்களுடைய வட்டி. இதையும் நிவாரணப் பட்டியலில் சேர்ப்பது சரியா என்று எனக்கு இன்னும் ஒரு தயக்கம் உண்டு.

இனி ஒரு நெருக்கடியில் அறிவிப்பு வரும்போது நான் முதலில் தேடுவது மூன்று விஷயங்களை. எந்தத் தேதியைக் கணக்குக்கு எடுக்கிறார்கள்: பிப்ரவரி 29, மார்ச் 24 போல ஒரு தேதி எல்லாத் திட்டத்திலும் ஒளிந்திருக்கும், அதற்கு முந்தைய தாள்தான் சாட்சி. கையெழுத்து யாருக்குப் போகிறது, எனக்கா வங்கிக்கா. வட்டி நிற்கிறதா, தவணை மட்டும் நிற்கிறதா. தொகையை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

காட்டேஜ் அண்ணன் 2021 ஜூலையில் இரண்டாவது ஒரு லட்சத்தையும் எடுத்தார், சுற்றுலாத் தொழிலுக்கான பிரிவில். ஆகஸ்டில் அவர் மாதக் கணக்கை எழுதினேன்: பழைய கடனுக்கு 11,122, முதல் அவசரக் கடனுக்கு 3,190, இரண்டாவதற்கு வட்டி 770. கூட்டினால் 15,082 ரூபாய். தொற்றுக்கு முன்னால் கட்டியதைவிட மாதம் 3,960 ரூபாய் அதிகம். 2022 மே மாதம் மலர்க் கண்காட்சி மறுபடி நடந்தது. நான்கு அறையும் நிரம்பி, வராந்தாவில் படுக்கை போட இடம் கேட்டார்கள். முதல் அவசரக் கடன் 2024 ஜூலையில் முடிந்தது. இரண்டாவதற்கு 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 2,500 ரூபாய் கட்டிவருகிறார். கடைசித் தவணை 2027 ஜூலையில்.